விமானத்தைக் கொண்டு வாங்க, சாவி செய்து தருகிறேன்

சாவி செய்கிறவளைக் கதவு திறக்கும்வரை மகராசி என்பார்கள். திறந்த நிமிஷமே, இவள் இதுவரை எத்தனை வீட்டைத் திறந்திருப்பாளோ என்று ஒரு பார்வை பார்ப்பார்கள்.

பூட்டிய கதவுக்கு வெளியே நின்று இடுப்பையும் சட்டைப்பையையும் தடவித் தடவிப் பார்த்திருக்கும் அன்பர்களே, நீங்கள் எல்லோரும் எனக்கு உறவு. அந்த உரிமையில் சொல்கிறேன்.

மலைக்கோட்டைக்குக் கீழே, பெரியகடைவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் சாவிக் கடை. முதலில் என் வீட்டுக்காரர்தான் அதில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவன் சோப்புக் கட்டியில் சாவியை அழுத்தி அச்சு எடுத்து வந்தான்; இவரும் வெள்ளந்தியாகச் செய்து கொடுத்தார். அந்தச் சாவியால் ஒரு நகைக்கடை திறக்கப்பட்டது. போலீஸ் இவரைப் பிடித்துக்கொண்டுபோய் மூன்று நாள் லாக்கப்பில் வைத்தது. குற்றமில்லை என்று பிறகு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் அரத்தை என் கையில் கொடுத்து, இனி இதைத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தார்.

கடையை மூடிவிடு என்றார்கள் சொந்தக்காரர்கள். திருடாதவர்கள் எதற்காகக் கடையை மூட வேண்டும்? பக்கத்திலிருந்து பார்த்தே எனக்குச் சாவிப் பல் வெட்டத் தெரியும். நானே உட்கார்ந்தேன். மூன்று சட்டம் போட்டேன். சோப்பு அச்சைக் கையால் தொடமாட்டேன். பூட்டு என்னிடம் வரவேண்டும், வரமுடியாவிட்டால் நான் போவேன். பூட்டுக்குச் சொந்தக்காரர் என் நோட்டில் கையெழுத்துப் போடவேண்டும். இன்னொரு தடவை எங்கள் சாவியைச் சொல்லிப் போலீஸ் வந்தால் கடையும் இருக்காது, அவரும் தாங்கமாட்டார். அதனால் கலெக்டரே வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் தளர்த்துவதில்லை என்று இருந்தேன்.

காத்திருந்த மனிதர்

மருங்காபுரியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பம்ப் செட் அறையின் திண்டுக்கல் பூட்டைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். பூட்டு வந்துவிட்டது, சொந்தக்காரரும் வந்துவிட்டார், எனக்கு ஒரு குறையுமில்லை. அவருக்குத்தான் இருந்தது. "ஆம்பளைங்க இல்லீங்களா?" என்றார். வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்றேன். அவர் எதிர்க் கடைப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் பாட்டுக்கு மற்றவர்களுக்குச் சாவி வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரும் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊருக்குப் போகிற பஸ்ஸும் போய்விட்டது. சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் எழுந்து ஓடிவந்து பூட்டை நீட்டினார். இவர் பூட்டை வாங்கி அப்படியே என்னிடம் கொடுத்து, "இவதாங்க செய்வா" என்றார். விவசாயி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்ப காலையிலேருந்து நான் யாருக்குங்க காத்துக்கிட்டு இருந்தேன்?"

மாட்டுப்பெண்ணின் பெட்டி

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு மாமி வந்தார். கோயில் கைங்கர்யக் குடும்பம், மடிசார், நெற்றியில் ஸ்ரீசூர்ணம். முந்தானையிலிருந்து ஒரு சின்னச் சாவியை எடுத்து வைத்து, "இதுக்கு இன்னொண்ணு வேணும்டியம்மா, நான் நின்னுண்டே வாங்கிண்டு போயிடறேன்" என்றார். எந்தப் பூட்டு என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியாம். யாருடையது என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, "ஆத்து மாட்டுப்பெண்ணோடதுதான், நம்மாத்துப் பெட்டிதானே" என்றார்.

பெட்டியும் வரட்டும், மாட்டுப்பெண்ணும் வரட்டும், கையெழுத்துப் போடட்டும், செய்கிறேன் என்றேன். மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "பெருமாள் உனக்கு நன்னாப் படியளப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஆசீர்வாதமில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்து ஓர் இளம்பெண் அந்த டிரங்குப் பெட்டியோடு ஜட்காவில் வந்து இறங்கினாள். பூட்டையே மாற்றிவிடச் சொன்னாள். நோட்டில் அழகாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் காதருகே குனிந்து சொன்னாள்: "உள்ளே ஒண்ணுமே இல்லை மாமி, ரெண்டு புடவையும் நான் எங்கம்மாவுக்கு எழுதின லெட்டரும்தான், ஆனா அது என்னோடது."

சோப்பில் வந்த சாவி

அந்த நாளில் செம்பட்டு விமான நிலையத்தில் ஒரு மில் முதலாளியின் சொந்தக் குட்டி விமானம் இருந்தது. அதன் கதவுக்கு இரண்டே சாவி. ஒன்று பைலட்டிடம், இன்னொன்று மில் மேனேஜரிடம். மேனேஜர் தன்னுடையதைத் தொலைத்துவிட்டார். விமானம் செய்த சீமைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினால் முதலாளிக்குத் தெரிந்துபோகும். எனவே பைலட் குளிக்கப் போன சமயம் பார்த்து, மெக்கானிக் சந்தானத்தை விட்டுச் சோப்பில் அச்சு எடுக்கச் சொல்லி என்னிடம் அனுப்பினார்.

சந்தானம் நல்ல மனுஷன். சோப்பை மேசைமேல் வைத்துவிட்டுச் சந்து வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவசரத்தில் எடுத்ததால் பல் மட்டும் பதிந்திருந்தது, சாவியின் தலை பதியவே இல்லை. எனக்கோ அந்தச் சோப்பைப் பார்த்ததும் லாக்கப் ஞாபகம் வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போங்கள் என்று கத்தியேவிட்டேன். அவர் சோப்போடு திரும்பிப் போன ஒரு மணி நேரத்தில் மேனேஜரே சந்து வாசலில் காரில் வந்து இறங்கினார். ஒரு போன் செய்தால் உன் கடை நாளைக்கு இருக்காது என்றார். போன் பக்கத்து மருந்துக் கடையில் இருக்கிறது, தாராளமாகச் செய்யுங்கள் என்றேன். விமானப் பூட்டாக இருந்தாலும் பூட்டு வரவேண்டும், அதுதான் சட்டம் என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏரோப்ளேனை உன் கடை வாசல்ல கொண்டாந்து நிறுத்தச் சொல்றியா?"

கண்மை

நிறுத்த வேண்டாம், நான் வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு அவர் காரிலேயே ஏறினேன். விமானக் கொட்டகையில் பைலட் நின்றிருந்தார். அவருக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. சோப்பைத் தவிர மற்றதை நானே சொன்னேன். அதையும் சொல்லியிருக்க வேண்டும், சந்தானத்தின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். பைலட், "சரி, என் கண்ணு முன்னாலேயே செய்ங்க. புதுச் சாவி ஆபீஸ் பெட்டியிலே இருக்கட்டும், யார் எடுத்தாலும் எழுதி வெச்சுட்டு எடுக்கட்டும்" என்றார். முதலாளிக்காக மேனேஜரும் அவரும் நோட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

பித்தளைத் தகட்டை அறுத்து, பைலட்டின் அசல் சாவியோடு சேர்த்துப் பிடித்து வெட்டிவிட்டேன். பூட்டுக்குள் போனது, திரும்பவில்லை. இதற்கு நாங்கள் செய்வது ஒன்றுதான்: சாவியை விளக்குப் புகையில் காட்டிக் கரி படியவைத்துப் பூட்டுக்குள் விட்டால், இடிக்கிற இடத்தில் கரி அழிந்திருக்கும், அங்கே ஓர் இழை அராவ வேண்டும். வழக்கம்போலப் பையிலிருந்து சிம்னி விளக்கை எடுத்துத் தீக்குச்சியை உரசினேன். சந்தானம் பாய்ந்து வந்து ஊதி அணைத்தார். மேனேஜர் கொட்டகைக்கு வெளியே நூறு அடி ஓடியிருந்தார். நான் நின்ற இடத்தில் வரிசையாகப் பெட்ரோல் டின்கள். என் முட்டாள்தனத்துக்கு என்னையே திட்டிக்கொண்டேன். ஆனாலும் தோற்றுப் போவதாக இல்லை. கண்ணிலிருந்த மையை விரலால் வழித்துச் சாவியில் பூசினேன். இடிக்கிற இடம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு இழை அராவினேன், கதவு திறந்தது.

அசல் சாவியின் தலையில் இங்கிலீஷில் ஏதோ பொறித்திருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. கம்பெனியின் பெயராக இருக்கும், அசலில் உள்ளது நகலிலும் இருக்கவேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சின்ன உளியால் பொறித்து நீட்டினேன். பைலட் வாங்கிப் பார்த்தவர் விமானத்தின்மேல் சாய்ந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இந்தச் சாவிக்கு டூப்ளிகேட் எடுக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கும்மா, நீங்க அதையும் சேர்த்து டூப்ளிகேட் எடுத்துட்டீங்களே!"

மூன்றாவது சாவி

இரண்டு மாதம் போயிருக்கும். எஸ்.ஐ. ஒருவர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு கடைக்கு வந்தார். விமானத்திலிருந்த ரேடியோ பெட்டி காணோம். கதவு உடையவில்லை, சாவி போட்டுத் திறந்திருக்கிறது. சாவி செய்தவள் நீதானே என்று மேனேஜர் கைகாட்டிவிட்டார். "ஸ்டேஷனுக்கு வாம்மா, பேசிக்கலாம்" என்றார் எஸ்.ஐ. சந்து முழுக்கக் கூட்டம். அன்று லீவில் இருந்த என் வீட்டுக்காரர் கடைக்குள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

எந்தச் சாவியால் திறந்தார்கள், அதைக் காட்டுங்கள் என்றேன். கதவிலேயே விட்டுப் போயிருந்ததாகச் சொல்லிப் பையிலிருந்து எடுத்தார். தலை மொழுமொழுவென்று இருந்தது, ஓர் எழுத்து இல்லை. நோட்டைப் பிரித்து இரண்டு கையெழுத்தையும் காட்டினேன். நான் செய்தது ஒரே சாவி, அதில் இங்கிலீஷ் இருக்கும், அது ஆபீஸ் பெட்டியில் இருக்கிறதா என்று பைலட்டைக் கேளுங்கள் என்றேன். இந்த மொட்டைச் சாவி சோப்பிலிருந்து வந்தது, சோப்பு யாரிடம் இருந்தது என்று மேனேஜரைக் கேளுங்கள் என்றேன்.

கேட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எழுதிவைத்து எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று மேனேஜர் வேறெங்கோ சோப்பைக் கொடுத்துத் தனியாக ஒரு சாவி செய்துவைத்திருக்கிறார். அந்தச் சாவியை எடுத்துப்போய் ரேடியோவைத் திருடிய ஆளும் மூன்றாம் நாள் பிடிபட்டான். சாவி இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்து சந்தானம் என்னிடம் சொன்னார்: "மேசை டிராயர்லதாங்க போட்டு வெச்சிருந்திருக்காரு, அந்த டிராயருக்குப் பூட்டே கிடையாதுங்க."

சர்க்கார் பூட்டு

அடுத்த மாதம் அதே எஸ்.ஐ. தனியாக வந்தார், சைக்கிளில். ஒரு சாவி வேண்டுமாம். பூட்டைக் கொண்டு வாங்க என்றேன். "லாக்கப் பூட்டும்மா. சாவியைத் தொலைச்சுட்டாங்க. உள்ளே ஒரு ஆள் இருக்கான், சாப்பாடு கேட்டுக் கத்துறான்" என்றார்.

நான் எழுந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் வாசல்வரை வந்தார், அங்கேயே நின்றுவிட்டார். நான் உள்ளே போய் விளக்கை ஏற்றி, பல் வெட்டாத சாவியைப் புகையில் காட்டி வெட்ட ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் நிழல் விழுந்தது. அவர் பக்கத்தில் வந்து, கம்பி வழியாகத் தாம் மூன்று நாள் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த அரத்தை வாங்கினார். கடைசிப் பல்லை அவர்தான் வெட்டினார். கதவு திறந்தது. போலீஸ்காரர்களுக்கு முன்னால் அழுவதா என்று அடக்கிக்கொண்டேன்.

விமானச் சாவிக்குக் கையெழுத்து வாங்கிய பக்கத்தில் இன்னும் இடம் இருந்தது; நோட்டை அங்கே விரித்து நீட்டினேன். பூட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று கேட்டேன். சர்க்கார் என்றார் எஸ்.ஐ. அப்படியானால் சர்க்காருக்காக நீங்கள் போடுங்கள் என்றேன். கான்ஸ்டபிள்கள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். எஸ்.ஐ. என்னைப் பார்த்தார், அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்: "மேனேஜர் கையெழுத்துக்குக் கீழேயாம்மா போடணும்?"

பிற்பாடு எங்கள் வீட்டுச் சாவி ஒருநாள் தொலைந்தபோது, பூட்டு என் வீட்டுக்காரர் பேரில் வாங்கியது, கையெழுத்துப் போட அவரும் ஊரில் இல்லை என்பதால், ஊருக்கெல்லாம் சாவி செய்கிற நான் எங்கள் பூட்டைக் கல்லால் உடைத்துத்தான் உள்ளே போனேன்.