செல்வக்குமார் போட்ட ஆப்ஷன்

அவனியாபுரத்துப் பவதாரிணியை அடித்தால்கூட மறந்துவிடுவாள். நாலு பேர் முன்னால் சிறுமைப்படுத்தினால் சாகும்வரை மறக்கமாட்டாள். ஷேர் ஆட்டோ ஓட்டும் சின்னானின் மகள், அந்த வீட்டின் முதல் இன்ஜினியர். திருநகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் நூற்பாலைகளுக்குப் புரோகிராம் எழுதும் வேலை. கொஞ்ச நாள் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள்.

அதில் மண்ணைப் போட்டவன் டீம் லீடர் செல்வக்குமார்.

துண்டு துண்டாக எழுதிய புரோகிராமைக் கடைசியில் ஒன்றாகக் கோக்க வேண்டும். லிங்க் என்பார்கள். புரோகிராம் வேகமாக ஓடட்டும் என்று, எழுதியதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலருக்கு அவன் ஒரு ஆப்ஷன் கொடுத்துவைத்தான். கோக்கும்போது மொத்தத்தையும் மெமரியில் ஏற்றிவைத்துச் செதுக்கச் சொல்லும் ஆப்ஷன். அவனுடைய புதுக் கம்ப்யூட்டரில் மெமரி தாராளம், தாங்கியது. அவளுக்குக் கொடுத்திருந்த ஓட்டைக் கம்ப்யூட்டர் மெமரி போதவில்லை என்று பாதியில் நின்றது.

"நீங்க போட்ட ஆப்ஷனாலதாண்ணே" என்றாள்.

"என் மெஷின்ல ஓடுதுல்ல? எழுதத் தெரியாம எழுதிட்டு எம்மேல பழி போடுறியா? நீ எழுதுனதுதான் மெமரி அம்புட்டையும் திங்குது!"

ஆபீசே சிரித்தது. மேனேஜர் அழகுபாண்டியும் நம்பிவிட்டார். இந்த மாதத்தோடு கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அந்தப் பாவி என்ன செய்தான் தெரியுமா? அவள் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஆப்ஷனை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு போய் லிங்க் ஆனது. பார்த்துவிட்டு, மறுபடி ஆப்ஷனைப் போட்டுவைத்துவிட்டு எழுந்து போனான். தண்ணீர் பிடிக்கப் போய்த் திரும்பிய பவதாரிணி கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். நேரம் வரட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்தப் புரோகிராமை வாங்கவிருந்த திருமங்கலம் பக்கத்து மில்லில், அதைத் தங்கள் கம்ப்யூட்டரிலேயே கோத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த மில் கம்ப்யூட்டர் அவளுடையதைவிடக் கிழடு. முன்பே அங்கே போய்வந்தவள் என்பதால் அவளுக்கு மட்டும் தெரியும். மேனேஜரோடு அங்கே கிளம்பிய செல்வக்குமாருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. 'போடா, போய் அவமானப்படு' என்று மனசாரச் சபித்துவிட்டு, லீவு போட்டுப் பழங்காநத்தத்தில் அக்கா மகள் காதுகுத்துக்குப் போனாள்.

பந்தியில் இருந்தபோது அழகுபாண்டியிடமிருந்து போன்.

"பவதாரிணி, லிங்க் ஆக மாட்டேங்குது. நீ எழுதுனதுலதான் கோளாறுன்னு மில் ஓனர்கிட்ட சொல்லிக்கிட்டிருக்காரு செல்வக்குமாரு."

"ஸ்பீக்கர்ல போடுங்க சார்."

போட்டார்.

"செல்வக்குமாரண்ணே, அன்னிக்குச் சாயங்காலம் என் மெஷின்ல ஒரு ஆப்ஷனை எடுத்து ஓட்டிப் பாத்தீங்கள்ல? நல்லா ஓடவும் திரும்பப் போட்டு வச்சீங்கள்ல? நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். இப்ப அதை எடுங்க. சார் பாக்கட்டும்."

மறுமுனையில் கீபோர்டு தட்டுவது கேட்டது. பவதாரிணி போனை வைக்காமல் இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டாள்.

"ஓடிருச்சும்மா" என்றார் அழகுபாண்டி. குரல் மாறியிருந்தது. அடுத்து, மில் ஓனர் போலிருக்கிறது, "தெரிஞ்சேவா தம்பி அந்தப் புள்ளையக் கோர்த்துவிட்ட?" என்று கேட்டார்.

திங்கட்கிழமை அவள் வேலை நிரந்தரமானது. அதோடு விட்டாளா? கம்பைலர் ஆப்ஷன் எதை மாற்றுவதென்றாலும் தன்னைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்று மேனேஜரிடம் உத்தரவும் வாங்கினாள்.

இரண்டே நாளில் செல்வக்குமார் அவள் மேசைக்கு வந்து நின்றான்.

"ஒரு ஆப்ஷன் மாத்தணும்..."

"எதுக்குன்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்கண்ணே."

சொன்னான். ஆபீசே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டது. சரியான காரணம்தான், அவளுக்கும் புரிந்தது.

"பாக்குறேன். நாளைக்கு வாங்க" என்றாள்.