நான் வாங்கிக் கொடுத்த வெற்றிலை

எங்கள் ஊரில் பருத்தி வெடிப்பதும் நரம்புச் சிலந்தி புறப்படுவதும் ஒரே மாசத்தில்தான். பங்குனி பிறந்தால் காட்டில் பருத்தி வெள்ளை வெளேரென்று நிற்கும். எடுக்க வேண்டிய ஆட்களோ வீட்டில் காலை நீட்டிக்கொண்டு கிடப்பார்கள். கணுக்காலில் கொப்புளம் கட்டி, எரிந்து, உடைந்து, உள்ளேயிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு தலை நீட்டும். அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளைக்கு ஒரு விரற்கடை என்று இழுத்துக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் கால் வீங்கி, மூன்று மாசம் படுக்கை. “சம்பந்தியையும் சிலந்தியையும் வெடுக்குன்னு இழுக்காதே” என்று எங்கள் பக்கம் ஒரு சொலவடை உண்டு.

எனக்கு அப்போது வண்டித் தொழில். பேரையூர்ப் பக்கத்துக் கரிசலிலிருந்து பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போவேன். பள்ளிக்கூடத்தில் கால் வைத்தவனில்லை. மதுரைக் கடைத்தெருவில் பாரம் இறக்கும் நேரத்தில் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். பிறகு ஊர் வாசகசாலையில் பத்திரிகையை உரக்கப் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. படிப்பதோடு நிற்க மாட்டேன், நடுநடுவே நாலு சொலவடை சேர்ப்பேன். “வண்டிக்காரன் பேசினா மாடுகூட அசை போடுறதை நிறுத்திட்டுக் கேக்கும்” என்பார்கள். அந்தப் பெருமைதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

இரண்டாம் உலகச் சண்டை வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் ஊருக்கு வந்தார். மெலிந்த மனிதர், சைக்கிளில் வருவார். எங்கள் ஊர்க் கிணறு படிக்கிணறு. பெண்கள் படியிறங்கி, முழங்கால் தண்ணீரில் நின்று குடத்தை முக்குவார்கள். அதைக் காட்டி அவர் சொன்னார்:

“சிலந்தி உள்ள கால் தண்ணியில பட்டதும் புழு குஞ்சைக் கக்குது. அந்தத் தண்ணியை நீங்க குடிக்கிறீங்க. குடிச்ச தண்ணி ஒரு வருஷம் கழிச்சு உங்க கால்ல வந்து எட்டிப் பார்க்குது. படியை அடைச்சுச் சுவர் கட்டி, உருளை போட்டு இறைங்க. யார் காலும் தண்ணியில படக்கூடாது. அம்புட்டுதான் வைத்தியம்.”

ஊரில் அப்போது நாலு சங்கம் இருந்தது. நிலம் வைத்து வெள்ளாமை செய்கிற சம்சாரிகளின் கூட்டுறவுச் சங்கம், பஜனைச் சங்கம், வாசகசாலை வாலிபர் சங்கம், பிறகு தெற்குத் தெருச் சங்கம். தெற்குத் தெருவில் இருந்தவர்கள் காட்டு வேலை செய்து பிழைக்கிற ஜனங்கள். ஊர்க் கிணற்றை அவர்கள் அண்டக்கூடாது என்பது பழைய கட்டு. அவர்களுக்கென்று ஊருக்குத் தெற்கே ஓர் ஊருணி. அதிலும் இறங்கித்தான் தண்ணீர் மோக்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனை போட்டார். கிணற்றை மட்டும் சரி செய்து பிரயோசனமில்லை. ஊருணியையும் மூட வேண்டும். காட்டில் எல்லாரும் கலந்துதான் வேலை செய்கிறார்கள். வேலைக்காரருக்குக் கால் இல்லாவிட்டால் சம்சாரிக்குப் பருத்தி இல்லை. நாலு சங்கமும் சேர்ந்து ஒரு சுகாதாரக் கமிட்டி வைத்தால், மேலே எழுதிக் கல்லும் சுண்ணாம்பும் வாங்கித் தருவதாகச் சொன்னார்.

கமிட்டி வைத்தோம். கூட்டுறவுச் சங்கத் தலைவர்தான் கமிட்டிக்கும் தலைவர். எனக்கு மாமா முறை. நல்ல மனிதர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். என் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர் அவர். தெற்குத் தெருச் சங்கத்துக்குத் தலைவர் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்துவிட்டு வந்தவர். சட்டை போடுவார். பேச்சில் குத்தல் இருக்கும், கோபம் இருக்காது. கண்டிக்காரர் என்றே எல்லாரும் சொல்வோம்.

மாமா என்னைக் கூப்பிட்டு, “மாப்ள, நீதான் அவுககிட்டப் பேசணும். ஊருணியை மூடிட்டா தண்ணிக்கு எங்க போறதும்பாக. புதுக் கிணத்துல அவுகளும் ஒரு பக்கம் நின்னு இறைச்சுக்கட்டும்னு சொல்லு” என்றார்.

நான் போய்ப் பேசினேன். கண்டிக்காரர் சிரித்தார். “ஆத்தைக் கடக்கிற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோன்னு உங்க ஆளுகளுக்கு ஒரு பழக்கம் உண்டுங்க அய்யா. எங்களுக்கு வாய் வார்த்தை போதாது. வெத்தலை கொடுக்கச் சொல்லுங்க.”

எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். எழுத்து, கையெழுத்து எல்லாம் சர்க்கார் கச்சேரிக்கு. ஊருக்குள் வாக்கு என்றால் வெற்றிலையில்தான். ஒருவர் கொடுத்து இன்னொருவர் வாங்கிவிட்டால் அந்த வார்த்தை வாங்கினவருக்குச் சொந்தம். பிறகு மாற்றினால் அவரோடு யாரும் கொள்வினை கொடுப்பினை வைக்க மாட்டார்கள்.

சாவடிக்கு முன்னால் கூட்டம் கூடியது. மற்ற மூன்று சங்கத்து ஆட்களும் மேலே திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். தெற்குத் தெருக்காரர்கள் கீழே வேப்பமரத்தடியில் நின்றார்கள். மாமா வெற்றிலை பாக்கை எடுத்து, பழைய வழக்கப்படி படியோரத்தில் தரையில் வைத்தார். அவர்கள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

கண்டிக்காரர் நகரவில்லை. “தரையில வச்சதை எடுக்க வரலைங்க. கையில கொடுங்க.”

பஜனைச் சங்கத்தில் ஒருவர், “கண்டிக்குப் போய் வந்தா கொம்பு முளைக்குமோ?” என்றார். “கொம்பு முளைக்கலைங்க, கைதான் முளைச்சிருக்கு” என்றார் அவர். வாலிபர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். மாமா முகம் கறுத்தது. அவ்வளவு தூரம் கூடி வந்த காரியம் அங்கேயே முறியப் போகிறது என்று எனக்குப் பதைத்தது. ஏறச் சொன்னால் எருதுக்குக் கோபம், இறங்கச் சொன்னால் நொண்டிக்குக் கோபம்.

நான் எழுந்தேன். “மாமா, என் கையில கொடுங்க. நான் அவர் கையில கொடுக்குறேன்.”

எல்லாருக்கும் மூச்சு வந்தது. மாமா தரையிலிருந்த வெற்றிலையை எடுத்து என் கையில் கொடுத்தார். நான் நாலு எட்டு நடந்து கண்டிக்காரர் கையில் வைத்தேன். என்ன சாமர்த்தியம் என்று முதுகில் தட்டினார்கள். நானும் தட்டிக்கொண்டேன். கண்டிக்காரரின் பெண்சாதி மட்டும் கூட்டத்துக்குள்ளிருந்து, “வெத்தலை சுத்திச் சுத்தி வருதே, வார்த்தையும் சுத்தி வருமோ?” என்றாள். அதற்கும் எல்லாரும் சிரித்தோம்.

வைகாசியில் வேலை தொடங்கியது. கல்லும் சுண்ணாம்பும் என் வண்டியில்தான் வந்தன. படிகளைப் பெயர்த்தது, பாறையை உடைத்தது, சேற்றில் நின்று அடைத்தது எல்லாம் தெற்குத் தெரு ஆட்கள். வாசகசாலை வாலிபர்கள் அவர்களோடு வரிசையில் நின்று கல் கை மாற்றினார்கள். அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது. இந்த ஊரா அந்த ஊர் என்று தோன்றியது. கேப்பைக் கூழை ஒரே பானையில் காய்ச்சினோம். தெற்குத் தெருக்காரர்களுக்கு ஊற்றும்போது மட்டும் ஏனம் படாமல் உயரத் தூக்கி ஊற்றினார்கள். நான் அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன்.

சுவர் இடுப்பளவு எழும்பியதும், ஊருணியை மூடச் சொன்னார் மாமா. கண்டிக்காரரின் பெண்சாதி கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். அந்த வருஷம் அவளுக்கு இடது காலில் சிலந்தி, துணி சுற்றியிருந்தாள்.

“வண்டிக்கார அய்யா, இருக்கிற கண்ணைக் குத்திக்கிட்டு வர்ற கண்ணுக்குக் காத்திருக்கச் சொல்றீக. முதல்ல ஒரு குடம் அங்க இறைச்சுக்கிடுறோம். அப்புறம் இதை மூடுறோம்.”

“ஏந்தாயி, வெத்தலை வாங்கியாச்சு. இன்னும் என்ன சந்தேகம்?” என்றேன். “என்னை நம்பு. நம்பினவுகளை நட்டாத்துல விட மாட்டேன்.”

அவள் கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். நாலு நாளில் ஊருணி மேடாகிவிட்டது.

ஆனிக் கடைசியில் கிணறு திறந்தோம். இன்ஸ்பெக்டருக்கு மாலை. பஜனைச் சங்கம் பாடியது. உருளையில் முதல் வாளி ஏறியபோது குலவை போட்டார்கள். தெற்குத் தெருப் பெண்கள் குடத்தோடு ஓரமாக நின்றார்கள். மாமா அவர்களிடம், “இன்னைக்குக் கூட்டம். புதன்கிழமை வாங்க” என்றார். புதன்கிழமை, “ஆடி பொறந்துருச்சு. புதுசு எதுவும் ஆடியில வேணாம்” என்றார். ஆடி முழுக்க அந்தப் பெண்கள் ஒரு மைல் நடந்து, மாடு கட்டிக் கமலை இறைக்கிற தோட்டத்து வாய்க்காலில் தண்ணீர் எடுத்தார்கள். ஆவணி பிறந்தது. கிணற்றடியில் முள் வெட்டிப் போட்டிருந்தது, தெற்குப் பக்கம் மட்டும்.

நான் மாமா வீட்டுக்குப் போனேன். அவர் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன மாமா இது? வெத்தலை கொடுத்திருக்கு.”

“ஆமா, கொடுத்தேன். யாருக்குக் கொடுத்தேன்?” என்று குழவியை நிறுத்தாமல் கேட்டார். “உன் கையில கொடுத்தேன் மாப்ள. வாங்கினது நீ. உனக்கு உரிமை உண்டு. நீ எம்புட்டு வேணா இறைச்சுக்க. யாரு வேணாங்கிறா?”

“நான் அவுகளுக்காக வாங்கினேன்.”

“தரையில வச்சேன். எடுத்திருந்தா அவுக வார்த்தை. எடுக்க மாட்டேன்னுட்டான். ஊரே பார்த்துச்சு.”

வழக்கப்படி அவர் சொன்னது சரிதான். அதை அந்தக் கணமே யோசித்து வைத்துக்கொண்டுதான் என் கையில் கொடுத்தாரா, பிறகு தோன்றியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. என் முதுகில் தட்டிய கைகளில் எத்தனைக்குத் தெரிந்திருந்தது என்பதும் தெரியாது.

வாசகசாலைக்கு ஓடினேன். கல் கை மாற்றிய வாலிபர்கள் பத்திரிகையில் முகத்தை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், “அண்ணே, எங்களுக்குச் சம்மதந்தான். அவுக கை பட்டா வீட்டுல ஆத்தா அந்தத் தண்ணியில சோறு பொங்க மாட்டேங்குது” என்றான். பஜனைச் சங்கத்தில் ஒரு பெரிய மனிதர் சொன்னது இன்னும் அழகு: “தண்ணி எல்லாருக்கும் பொதுதானப்பா. கயிறுதான் பொது இல்ல.” இன்ஸ்பெக்டரைப் பார்க்க மதுரைக்குப் போனேன். வேறு பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள்.

என்ன செய்ய? உரிமை எனக்கு உண்டு என்றாரல்லவா? மறுநாள் காலையில் முள்ளுக்கு அந்தப் பக்கம் குடங்களை வரிசையாக வைக்கச் சொல்லி, நானே இறைத்து இறைத்து ஊற்றினேன். தோள் கழன்றது. மூன்று நாள் ஊற்றினேன். யாரும் தடுக்கவில்லை. வேடிக்கை பார்த்தார்கள். உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

நாலாம் நாள் குடங்கள் இல்லை. கண்டிக்காரரின் பெண்சாதி மட்டும் வந்தாள்.

“இனி ஊத்த வேணாங்க அய்யா.”

“ஏந்தாயி?”

“நீங்க வெளியூருக்கு வண்டி கட்டிட்டுப் போற அன்னைக்கு நாங்க நாக்கை நீட்டிக்கிட்டு இருக்கணுமா? நாங்க கேட்டது கிணறு. தண்ணி ஊத்துற ஆளைக் கேக்கலை.” திரும்பினவள், “உங்களைத் திட்டணும்னுதான் வந்தேன். உங்க மூஞ்சியைப் பார்த்தா திட்டவும் வரலை” என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம்.

அந்த வாரமே அவர்கள் ஊருணியைத் திரும்பத் தோண்டத் தொடங்கினார்கள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கண்டிக்காரர் கரையில் நின்று கும்பிட்டார். “அய்யா, நீங்க நல்லவுகதான். அதுதான் எங்களுக்குத் தாங்கலை. போங்க” என்றார். ஐப்பசி மழையில் ஊருணி நிறைந்தது. பழையபடி இறங்கி மோந்தார்கள்.

குடித்த தண்ணீர் ஒரு வருஷம் காத்திருக்கும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னபடிதான் நடந்தது. அடுத்த பங்குனியில் ஊரிலும் சிலந்தி இருந்தது, தெற்குத் தெருவிலும் இருந்தது. அதற்கும் அடுத்த பங்குனியில் ஊருக்குள் ஒரு கால்கூட நீளவில்லை. தெற்குத் தெருவில் வீட்டுக்கு வீடு குச்சி.

பருத்தி வெடித்து உதிர ஆரம்பித்தது. எடுக்க ஆள் இல்லை. மாமா என் வண்டியை வழிமறித்தார். “மாப்ள, நீ போய்ப் பேசினா நடக்க முடிஞ்சவுகளாவது வருவாக. உன் வாய்க்கு மயங்காதவுக உண்டா?”

“நீங்களே போங்க மாமா” என்றேன்.

அவர் போனார். நானும் வண்டியை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்து பார்த்தேன். தெரு முனையில் நின்றுகொண்டு கூப்பிட்டார். கண்டிக்காரரின் பெண்சாதி வாசலில் உட்கார்ந்து, புருஷன் காலில் குச்சியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கையை எடுக்காமலே பதில் சொன்னாள். “வாரோம்யா. கிணத்துக்குக் கூப்பிடுற அன்னைக்குக் காட்டுக்கும் வாரோம்.”

மாமா வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து பருத்தி எடுத்தார். தெற்குத் தெருவில் அந்தக் கோடை அடுப்பு சரியாக எரியவில்லை. கிணற்றுக்கு அவர்களைக் கூப்பிடவுமில்லை. நான் சில மாசத்தில் ஊரை விட்டு விளாங்குடிப் பக்கம் குடி வந்துவிட்டேன். அதைத் தியாகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி வாடகை அங்கே அதிகம்.

போகிற வரைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்தேன். நல்ல தண்ணீர், தெளிவான தண்ணீர். என் காலில் அதற்குப் பிறகு சிலந்தி வரவே இல்லை.