மூன்று பேர் படுக்கும் பை

"இந்த பேக்குக்குள்ள மூணு பேர் காலை நீட்டிப் படுக்கலாம், கலா" என்றாள் பியட்றிஸ். கலாராணி நம்பாமல் பார்த்ததும் கொஞ்சம் இறங்கிவந்தாள். "சரி, மூணு கொஞ்சம் கூடத்தான். ஒரு சின்ன ஆள் படுக்கலாம். படுத்ததை நானே பார்த்திருக்கேன்."

அடுத்த வீட்டுக் கலாராணிக்கு ருமேனியாவில் தையல் வேலை கிடைத்திருந்தது. பியட்றிஸின் டஃபிள் பையையும் கோட்டையும் இரவல் கேட்க வந்தவள், பையைத் தடவியபடி வேறொன்றைக் கேட்டாள்.

"அன்ரி, திரும்பி வர்றப்ப சின்னவளுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?"

முற்றத்துக் கொடியில் கோட்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. வத்தேகம மலை ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்துவிடும். பியட்றிஸின் அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கையில் மழைக்குத் தலையில் போட்ட கம்பளியைவிட இரண்டு மடங்கு தடிப்பு. பொத்தானுக்குப் பதில் மரக்கட்டைகள். இத்தாலியில், மிலானில் பியட்றிஸ் வேலைக்கு இருந்து பார்த்துக்கொண்ட கிழவி கொடுத்தது.

பதிலுக்குப் பியட்றிஸ் தன் கதையைச் சொன்னாள். மகள் ஜெஸ்மினை ஒரு வயதில் பால் மறக்கடித்துவிட்டு மிலானுக்குப் போனவள், ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பினாள். பை எடை கூடிவிடும் என்று கோட்டை உடம்பிலேயே மாட்டிக்கொண்டாள். சித்திரை வெயிலில், கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில், கச்சான் கடலை விற்றவன்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தான். அவளுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பிள்ளை தன்னிடம் வருமா என்ற ஒரே கவலைதான் வழிநெடுக.

வரவில்லை. தன் அப்பா யாகப்பர் உடுத்திருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. சொக்லட்டை மட்டும் கைநீட்டி வாங்கியது.

"யாரு வந்திருக்கான்னு சொல்லு பார்ப்போம்" என்றார் யாகப்பர்.

"வெளிநாட்டு அன்ரி."

பியட்றிஸ் கோட்டைக் கழற்றி எறிந்தாள். பையைக் கவிழ்த்துக் கொட்டினாள். தேத்தண்ணி ஊற்றும் சாக்கில் குசினிக்குள் போய் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தால் பிள்ளையைக் காணோம். யாகப்பர் கிணற்றடிக்கு ஓடினார். பியட்றிஸின் கண் பையில் விழுந்தது. சிப் முக்கால்வாசி மூடியிருந்தது. உள்ளே கோட்டைப் போர்த்தியபடி, கண்களை மூடிக்கொண்டு ஜெஸ்மின்.

"கோட்டுல என் வாசனை இருந்துச்சு, கலா" என்றாள் பியட்றிஸ். "அதுலயே தூங்கிருச்சு. அரை மணியில பெத்தவளக் கண்டுபிடிச்சிருச்சு. உன் புள்ளயும் அப்படித்தான். தைரியமாப் போயிட்டு வா."

இப்போது வளர்ந்து பெரியவளாகி, கதவோரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஜெஸ்மின் கையை நிறுத்தினாள். ஈஸ்டருக்குக் கண்டியிலிருந்து வந்திருந்தாள். இந்தக் கதையை எத்தனையோ தடவை பேசாமல் கேட்டவள்தான்.

"நான் தூங்கலம்மா."

"சும்மா இருடி. குறட்டை விட்டே."

"தூங்குற புள்ள உள்ள இருந்து சிப்ப இழுத்து மூடுமா? வாசல்ல கண்டப்பவே நீங்க யாருன்னு தெரியும். வெளிநாட்டுல இருந்து வந்தவங்க எல்லாரும் திரும்ப பேக்கத் தூக்கிக்கிட்டுத்தானே போனாங்க. உள்ள நான் இருந்தா, என்னையும் சேர்த்துத்தானே தூக்கணும்?"