என் கணவரின் ஜெட்டுக்கு நான் வாங்கிய எண்ணெய்

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டு நிலவறையில் என் கணவரின் மாதிரி ஜெட் விமானம் இருக்கிறது. அதன் டர்பைன் மண்ணெண்ணெயில் ஓடும். பேரிங்குகள் தேயாமலிருக்க அதிலேயே தனி டர்பைன் எண்ணெய் கலக்க வேண்டும். எந்த எண்ணெய் நல்லது என்று மணிக்கணக்காகத் தேடுவார். நான் முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு வந்தது மட்டும் அவர் கண்ணில் படவில்லை.

அந்தக் கிழமைதான், "லில்லெஸ்ட்ரோமிலை வேலை முடிஞ்சு வரேக்கை எண்ணெய் வாங்கிக்கொண்டு வாருமப்பா" என்றார். அந்த ஜெட்டுக்கு இது போதும் என்று, புல்வெட்டும் இயந்திரத்துக்கான மலிவு எண்ணெயை வாங்கி அவருடைய பழைய டர்பைன் எண்ணெய் டின்னில் ஊற்றி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் டர்பைன் வேகமெடுத்ததும் கிறீச்சிட்டது. வால்பக்கத்திலிருந்து பாய்ந்த நெருப்பு என் ஜாக்கெட்டை உரசியது. அவர் ஓடிவந்து என்னை இழுத்துவிட்டுத் தீயை அணைத்தார்.

"எண்ணெயை நான்தான் மாத்தினனான்" என்றேன்.

"பேரிங் இறுகிப்போச்சு. உமக்கு ஒண்டுமில்லைத்தானே?"

அந்தக் கேள்வியில் என் மனம் குளிர்ந்தது ஒரு நாள்தான். பிறகு ஜெட்டைத் திருத்துகிறேன் என்று மாதக்கணக்கில் மாலை முழுவதும் அதனோடேயே நிலவறையில் இருந்தார்.

இப்போது கையேட்டில் சொல்லியிருக்கும் எண்ணெயையே பெயர் பார்த்து வாங்கி வருகிறேன். ஜெட்டின்மேல் பாசம் வந்துவிடவில்லை. அது பழுதானால் அவர் முழுக்க அதற்கே சொந்தமாகிவிடுவார்.