மூன்றாவது மாடிக்கு ஒரு சர்க்கரை இல்லாத டீ

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பாதியில் எழுந்துபோய் விளக்கைப் போடக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்பது.

நடந்தது என் அத்தானுக்கு. அக்கா வீட்டுக்காரர். கதை கட்டுகிற ஆள் இல்லை. ஒருமுறை லாரி உரசி, பைக்கோடு சாக்கடையில் விழுந்து, தலையில் ஏழு தையலோடு வந்தவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், "லேசா வழுக்கிடுச்சு" என்றார். எதையும் குறைத்துச் சொல்லியே பழகியவர். அவர் வாயிலிருந்து இது வந்ததால்தான் எனக்கு இன்றுவரை தூக்கம் சரியில்லை. கீழே உள்ள நேரமெல்லாம் அவர் சொன்னபடியே. கடைசிப் பகுதியை மட்டும் நானே கண்ணால் பார்த்தேன்.

அத்தானுக்கு வேலை ஒரு கான்ட்ராக்டரிடம். அரசு அலுவலகங்களில் பொத்தானை அழுத்தினால் டீ, காபி கொட்டுமே, அந்த மெஷின்களைப் பராமரிப்பது. காலையில் ஆரம்பித்தால், ஆட்கள் எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிய பிறகுதான் இவருக்கு வேலை முடியும். மெஷினைத் திறந்து, குழாய்களைக் கழுவி, பால்பவுடர் நிரப்பி, கடைசியில் ஒரு கப் டீ பிடித்துப் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவரை 'மெஷின் டாக்டர்' என்று கூப்பிடுவார்கள். டாக்டரிடமாவது நோயாளி வாய் திறந்து பேசுவார். இவருக்கு அதுவும் கிடையாது.

அக்கா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. குழந்தை இல்லை. அத்தான் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். நாங்கள் முதலில் தினமும் போன் செய்தோம். அப்புறம் வாரம் ஒருமுறை. அப்புறம் எப்போதாவது. அவரும் செல்போனுக்குச் சார்ஜ் போடுவதையே மறந்துவிடுவார். யார் கூப்பிடப் போகிறார்கள் என்பார். சர்க்கரை வியாதி வேறு, காலையும் இரவும் ஊசி. ஒரே ஒரு நாள் விட்டுப்போய், மறுநாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்த மனிதர்.

அப்போதுதான் அவரைப் புதிதாக ஒரு அரசு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவது மாடி. நீளமான நடை, இரண்டு திருப்பம், கடைக்கோடியில் மெஷின். அதற்கு எதிரே ரெக்கார்டு ரூம். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு கிரில் கதவு. கீழே வாட்ச்மேன் மேஜையில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நோட்டு இருக்கும். வந்ததும் 'உள்ளே' என்ற கட்டத்தில் கையெழுத்து, போகும்போது 'வெளியே' என்ற கட்டத்தில் கையெழுத்து.

கடைசியாக மாடியை விட்டு இறங்குகிற ஆள் டீக்காரர்தான். அதனால் அங்கே ஒரு வழக்கம். டீக்காரர் 'வெளியே' கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், எல்லா அறையும் பார்த்தாச்சு, மாடியில் ஒருத்தரும் இல்லை என்று அர்த்தம். வாட்ச்மேன் உள்ளே வந்து நோட்டம் விடமாட்டார். படி முடிகிற இடத்தில் நின்றபடியே மாடியின் கரண்ட் மெயினை அணைப்பார், கிரில்லைப் பூட்டிவிட்டு இறங்குவார்.

ஒரு நாளைக்கு ஏழெட்டு அலுவலகம் ஓடுகிற டீக்காரர்களுக்கு இன்னொரு வழக்கம். வரும்போதே இரண்டு கட்டத்திலும் ஒரேயடியாகக் கையெழுத்துப் போட்டுவிடுவது. திரும்ப நோட்டைத் தேட வேண்டாம் பாருங்கள். அத்தானும் வருஷக்கணக்காக அப்படித்தான்.

முதல் நாள் மாலை 6:20. டீ பிடித்து மெஷின் மேலே வைத்துவிட்டு, நடையில் இருந்த பிஸ்கட் மெஷினைத் துடைக்கப் போனார். ரெக்கார்டு ரூமில் நாற்காலி நகரும் சத்தம். எட்டிப் பார்த்தார். ரேக்குகளுக்கு நடுவில் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு.

"சார், டீ குடிக்கிறீங்களா?"

"சர்க்கரை வேணாம்."

"நமக்கும் அதே கேஸ்தான் சார்" என்று சிரித்துவிட்டு, கதவோரத் தட்டில் அடுக்கியிருந்த பழைய நோட்டுகள் மேல் கப்பை வைத்தார். கிளம்பும்போது பார்த்தால் கப் காலி. கவிழ்த்து வைத்திருந்தது.

அதிலிருந்து தினமும் அப்படித்தான். சரியாக 6:20. சார் முகத்தை அத்தான் பார்த்ததே இல்லை. மூக்கை நுழைக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. "இன்னைக்கு நல்ல மழை சார்" என்பார். "ம்" என்று வரும். "பஸ்ஸே கிடைக்கல சார்." "ம்." அந்த இரண்டு 'ம்'முக்காக அத்தான் அந்த அலுவலகத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அவசரமாக முடித்தாராம். ஒருநாள் அதிசயமாக எனக்குப் போன் செய்து, "மாப்ளே, புது ஆபீஸ்ல ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். நான் பேசறதைக் கேக்கறார்" என்றார். சரி அத்தான், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு மாலைகள் இப்படிப் போயின.

பதின்மூன்றாவது நாள் வியாழக்கிழமை. மறுநாளிலிருந்து தொடர்ந்து நாலு நாள் விடுமுறை. நீண்ட விடுமுறை வந்தால் மெஷினில் இருக்கிற தண்ணீரை முழுக்க வடித்து, பவுடரையெல்லாம் எடுத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் திறக்கும் நாளில் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

5:50க்கு வந்தார். நோட்டில் இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் பையைக் கட்டித் தயாராக வைத்திருந்தார், ஊருக்குப் போகிற அவசரம்.

6:20. சாருக்கு டீ வைத்தார். "நாலு நாள் லீவு சார். நீங்களும் சீக்கிரம் கிளம்புங்க."

அன்று 'ம்' கூட வரவில்லை.

பவுடர் டப்பாவை எடுத்துத் தன் தள்ளுவண்டியில் வைத்தார். வடிகுழாயைத் திறந்துவிட்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மெஷின் மோட்டார் இரைந்துகொண்டிருந்தது.

6:38. பட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது. மோட்டார் நின்றது. அந்த நிசப்தத்தில்தான் தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

கடங்...

கிரில் கதவு இழுபடுகிற சத்தம் இல்லை. பூட்டின பிறகு ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்களே, அந்தச் சத்தத்தின் எதிரொலி மாதிரி இருந்தது.

அத்தான் ஓடினார். இரண்டு திருப்பம் தாண்டி வருவதற்குள் படிக்கட்டில் யாரும் இல்லை. பூட்டு தொங்கியது. "வாட்ச்மேன் அண்ணே" என்று தொண்டை கிழியக் கத்தினார். பாக்கெட்டில் செல்போன் செத்துக் கிடந்தது. ஜன்னல்கள் எல்லாம் ஆள் நடமாட்டமில்லாத பின்கட்டைப் பார்த்தவை.

நாலு நாள். ஊசி வீட்டில் இருக்கிறது.

வீட்டில் காணோமே என்று தேட ஒரு ஆள் வேண்டும் இல்லையா. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள் என்று விரல் விட்டு எண்ணினாராம். அந்த ஐந்து நாளில் தன்னை யார் தேடுவார்கள் என்று யோசித்தாராம். ஒரு பெயர்கூட வரவில்லை என்று என்னிடமே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

சட்டென்று சார் ஞாபகம் வந்தது. அவரும்தானே உள்ளே இருக்கிறார். அத்தானுக்குப் பாதி உயிர் திரும்பியது.

6:47. ரெக்கார்டு ரூம் வாசல். உள்ளே நல்ல இருட்டு.

"சார்... நம்ம ரெண்டு பேரையும் வெச்சுப் பூட்டிட்டான்."

"தெரியும்."

குரல் ரேக்குகளுக்கு நடுவிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. படுத்திருக்கிற ஆள் பேசுகிற மாதிரி.

"சார், விழுந்துட்டீங்களா? உடம்புக்கு என்ன?"

அப்போது அத்தானின் முதுகுக்குப் பின்னால்...

பீப்.

மெஷின் பொத்தான் சத்தம். இருபது வருஷமாகக் கேட்கிற சத்தம். அவருக்கு அதில் தப்பு வராது.

தண்ணீர் வடித்தாயிற்று. பவுடர் டப்பா தள்ளுவண்டியில். கரண்ட் இல்லை.

உர்ர்ர்...

கப்பில் டீ விழுகிற சத்தம்.

அத்தான் திரும்பினார். ஜன்னலில் மிச்சமிருந்த மங்கிய வெளிச்சத்தில், ட்ரேயில் ஒரு கப். ஆவி பறந்தது.

பீப்.

உர்ர்ர்...

இன்னொரு கப்.

பீப்.

மூன்றாவது.

நாலாவது.

காதுக்கு வெகு பக்கத்தில், மூச்சே இல்லாத குரல்.

"குடிங்க. நாலு நாள் ஆகும்."

அத்தான் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. கிரில்லைப் பிடித்து உலுக்கினார். செருப்பால் அடித்தார். கத்தினாரா அழுதாரா என்றும் தெரியாது. பின்னால் நடையின் கோடியில் அந்த பீப் சத்தம் மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

7:09. திடீரென்று நின்றது.

7:12. படிக்கட்டில் டார்ச் வெளிச்சம். வாட்ச்மேன் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னய்யா நீ, உள்ள இருந்துக்கிட்டே வெளியேன்னு கையெழுத்துப் போட்டிருக்க?"

"நான் கத்தினது கேட்டுச்சா அண்ணே?"

"கீழே ஒண்ணும் கேக்கல. போன் வந்துச்சு. நான் வாசல் வரைக்கும் போயிட்டேன், மேஜை மேல இண்டர்காம் விடாம அடிக்குது. எடுத்தா ஒரு ஆள் பேசறார். 'டீக்காரர் உள்ள இருக்கார். இந்தத் தடவையாவது பாத்துட்டுப் பூட்டுங்க'ன்னார்."

"எங்கேருந்து?"

"ரெக்கார்டு ரூம்."

இருவரும் டார்ச்சோடு போய்ப் பார்த்தார்கள். அறையில் யாரும் இல்லை. ட்ரேயில் கப் இல்லை. மெஷினுக்குள் கையை விட்டால் வறண்டு கிடந்தது.

அன்று இரவு ஊசி போட்டுக்கொண்ட கையோடு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அத்தான் என்னைக் கூப்பிட்டார். "மாப்ளே, வர்றியா?" என்று மட்டும் கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. விடிவதற்குள் போய்ச் சேர்ந்தேன். நாலு நாளும் அவரோடுதான் இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை 9:40. இரண்டு பேருமாக அந்த அலுவலகத்துக்குப் போனோம். கண்காணிப்பாளர் அம்மா நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"ரெக்கார்டு ரூம்ல போன் கிடையாது. அதை எடுத்துப் பதினாலு வருஷம் ஆச்சு."

அப்போது அங்கே ஒரு ரெக்கார்டு கிளார்க் இருந்தாராம். கட்டை பிரம்மச்சாரி. செல்போன்கூட வைத்துக்கொள்ளாதவர். சர்க்கரை வியாதிக்காரர். இதேபோல் நாலு நாள் விடுமுறைக்கு முந்தின மாலை, ரேக்குகளுக்கு நடுவில் மயங்கிக் கிடந்தவரை வைத்து மாடியைப் பூட்டிவிட்டார்கள். ஐந்தாம் நாள் திறந்தபோது அவர் ரெக்கார்டு ரூமில் இல்லை. எதிரே மெஷின்வரை தவழ்ந்து வந்திருக்கிறார். தண்ணீர் வடித்து, கரண்டும் இல்லாத மெஷின். பொத்தானில் விரல் வைத்தபடியே கிடந்தாராம்.

"மாடி காலின்னு கையெழுத்துப் போட்டது யாருன்னு விசாரிச்சாங்க. வழக்கமா வர்ற டீக்காரர் அன்னைக்கு லீவு. அவருக்குப் பதிலா யாரோ ஒருத்தர் ஒரே ஒரு நாள் வந்திருக்கார். அந்தக் கையெழுத்து நோட்டு காணாமப் போச்சு. கிடைக்கவே இல்ல. ஃபைல மூடிட்டாங்க."

அத்தான் எழுந்து நேராக ரெக்கார்டு ரூமுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். கதவோரத் தட்டு. பன்னிரண்டு நாளும், அந்த வியாழக்கிழமையும் அவர் டீ வைத்த இடம். அங்கே அடுக்கியிருந்ததில் மேலாக இருந்த நோட்டை எடுத்தார். அட்டையில் தூசி படிந்திருந்தது. ஒரு கறைகூட இல்லை.

பிரித்தார். தானாகவே ஒரு பக்கத்தில் விரிந்தது.

பதினாலு வருஷத்துக்கு முந்தைய தேதி. 'உள்ளே', 'வெளியே' இரண்டு கட்டத்திலும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் கீழே இறங்கி வளைந்திருந்தது. எனக்கு அந்த வாலைத் தெரியும். என் அக்காவின் கல்யாணப் பதிவேட்டில் பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேதியும் எனக்குத் தெரியும். அன்று மாலை அத்தான் வேலையை அவசரமாக முடித்துவிட்டு, அக்காவை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு நாளும் எங்களோடுதான் இருந்தார்கள். சீட்டாட்டமும் சிரிப்புமாக வீடே ரெண்டுபட்டது. அக்கா இருந்த நாட்களில் எனக்கு மிகப் பிடித்த நாட்கள் அவை.

அந்தக் கையெழுத்தைச் சுற்றித் தாள் முழுக்க டீக் கப் வட்டங்கள். மூடியிருந்த நோட்டின் உள்ளே.

எண்ணினேன். பதின்மூன்று. பன்னிரண்டு காய்ந்து பழுப்பாக இருந்தன.

கடைசி வட்டம் ஈரமாக இருந்தது. அத்தான் அதை விரலால் தொட்டுவிட்டு, சுட்டதுபோல் கையை எடுத்தார். நானும் தொட்டேன்.

இன்னும் சூடாகத்தான் இருந்தது.