இத்தா வீட்டு மாடுகளும் யூரியா வைக்கோலும்

வைக்கோல் மாட்டின் வயிற்றை நிரப்பும், உடம்பில் ஒட்டாது. அதை ஒட்டவைப்பதுதான் இத்தனை வருடமாக என் பிழைப்பு. கல்முனையில் சின்னதாக ஒரு மாட்டுத்தீன் கடை. படித்து வந்த தொழிலல்ல, பார்த்துப் பழகியது. பொலித்தீனைத் திறந்ததும் கண்ணெரிந்து பின்வாங்கிய யாராவது இதை வாசித்தால், பாதிக்கு மேல் நான் சொல்லாமலே விளங்கிக்கொள்வார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம்

வயலெல்லாம் பெரும்போக நெல் விதைத்துவிட்டால் எங்கள் பக்கத்து மாடுகளுக்குப் போக்கிடமில்லை. அறுவடை வரை அடைத்து வைத்துத் தீன் போடவேண்டும். அப்படியான நேரத்தில் வரிப்பத்தான்சேனையில் ஒரு சின்ன மாட்டுப்பட்டி வைத்திருந்தவர் மௌத்தானார். அவருடைய தம்பி சம்சுதீன் என் கடைக்கு வந்தான். மாடுகளை இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அவன் எண்ணம். இறந்தவரின் மனைவி, அவனுடைய மதினி ஹபீபா சம்மதிக்கவில்லை. என்னைக் கூட்டிவரச் சொன்னாராம்.

ஹபீபா இத்தாவில் இருந்தார். புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கவேண்டும், அந்நிய ஆண்முன் வரக்கூடாது. ஜன்னல் திரைக்கு வெளியே கதிரை போட்டு என்னை இருக்கச் சொன்னார்கள். என் மனைவி போனபோது எனக்கு இப்படியொரு அறை இருக்கவில்லை. ஆண்களுக்கு இத்தா இல்லை. நான் கடையைத் திறந்துகொண்டு இருந்துவிட்டேன். திரைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது, அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று: “நான் வெளிய வாற அண்டைக்கு அவர்ர பட்டி நிக்கணும் காக்கா. மத்ததெல்லாம் மறுகா பாப்பம்.”

வயல் பசளை

முற்றத்தில் போன போகத்து வைக்கோல் இருந்தது. யூரியாவை அளவாகத் தண்ணீரில் கரைத்து, வைக்கோலைப் படைபடையாகப் பரப்பித் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாமல் பொலித்தீனால் மூடவேண்டும். உள்ளே எழும்பும் ஆவி வைக்கோலைப் பதமாக்கும். மாட்டின் வயிறு பிறகு அதைச் செமிக்கும். ஆனால் கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிட்டால் உயிர் தப்பாது, கன்றுகளுக்கு இந்த வைக்கோல் கூடவே கூடாது. இரண்டையும் சம்சுதீனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவனுடைய வயலுக்கு எடுத்து வைத்திருந்த யூரியாப் பசளையைத்தான் கரைத்தோம். முகம் கறுத்துப்போயிருந்தாலும் வாளியைக் கீழே வைக்காமல் தெளித்தான். “வயலுக்குப் போட்டா நெல்லு வரும். மாட்டுக்குப் போட்டா என்ன காக்கா வரும், கொம்பில கதிரா?”

அழுகை

மூடிய வைக்கோல் பதமாக மூன்று கிழமை, இருபத்தொரு நாளாவது வேண்டும். அதுவரை வெறும் வைக்கோல்தான். மாடுகள் கத்தின. வெளியே நிற்கிற நாங்கள் அந்தச் சத்தத்தைவிட்டுத் தூரப் போகலாம். ஹபீபாவுக்குப் போக இடமில்லை. சம்சுதீன் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் பொலித்தீனின் ஒரு மூலையைக் கிளப்பிவிட்டான். நான் ஓடிப்போய் மூடுவதற்குள் ஆவி கிளம்பி ஜன்னல் வழியே வீட்டுக்குள் போய்விட்டது.

உள்ளே துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கண்ணைத் துடைத்தபடி, மூக்கை முக்காட்டால் பொத்திக்கொண்டு புறப்பட்டுப் போனார்கள். மன்னிப்புக் கேட்க ஜன்னலடிக்குப் போனேன். அந்த வீட்டில் நான் கேட்ட முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. “மௌத்தண்டைக்கு அழாத ஆக்களும் இண்டைக்கு அழுதிட்டுப் போறாங்க காக்கா.”

வேலியடியில் வந்து நின்றவர்

பொலித்தீனைத் திறந்து, காரம் போக ஆறவிட்டு, முதல் கற்றையை மாடுகள் முன்னால் போட்டோம். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டன. சம்சுதீன் என்னைப் பார்க்கவில்லை. அவன் வரச்சொல்லியிருந்த மாட்டு வியாபாரி வேலியடியில் நின்று, ஒவ்வொரு மாட்டின் விலாவையும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். “தின்னுதா?” என்று ஜன்னலிலிருந்து கேட்டார் ஹபீபா.

வெறும் வைக்கோலில் இதைக் கொஞ்சம் கலந்து, மேலே இனிப்புக்குக் கரும்புப்பாணி தெளித்தேன். வெகுநேரம் கழித்து ஒரு வெள்ளைப் பசு ஒரு வாய் எடுத்தது. மற்றவை அதைப் பார்த்து முட்டிக்கொண்டு வந்தன. வியாபாரி சாரத்தை மடித்துக் கட்டினார். “தின்னுற மாட்டுக்குப் பக்கத்தில நிண்டு விலை கதைக்க ஏலாது தம்பி. நான் வாறன்.”

இத்தா முடிந்த காலை

பல்லுப்போன ஒரு கிழமாடு மழையில் விழுந்து செத்தது. மற்றவை மெலிந்தாலும் நின்றன. இத்தா முடிந்த அன்று ஹபீபா நேரே பட்டிக்கு வந்தார். அத்தனை நாள் குரலாக மட்டும் தெரிந்தவரை அப்போதுதான் கண்டேன். மாடுகள் அவரை முகர்ந்து பார்த்தன. அறுவடை முடிந்து வயல்கள் திறந்து கிடந்தன. அவர் வேலிக் கடப்பை அகற்றி வழியைத் திறந்துவிட்டுக் கம்பை எடுத்தார்.

“மதினி, நீங்க பட்டியச் சாய்ச்சிட்டு வயலுக்குப் போனா ஊர் என்ன கதைக்கும்?” என்றான் சம்சுதீன்.

“கதைக்கட்டும் தம்பி. நாலு மாசமா நான் கதை மட்டும்தானே கேட்டன்.”

பட்டி புல்லுக்குப் போன அன்றோடு ஒரு நல்ல வாடிக்கை எனக்கு இல்லாமல் போயிற்று. இந்தத் தொழிலில் வேலை சரியாக முடிந்தால் அப்படித்தான் ஆகும்.