செட் மாத்திரை கண்ணாயிரம்

கண்ணாயிரம் டாக்டர் இல்லை. மருந்துக்கடைப் படிப்பும் படிக்கவில்லை. திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரைக்குப் போகிற சாலையில் அவன் வேலை பார்த்த கடையில், யாரோ ஒருவருடைய சர்ட்டிபிகேட் கண்ணாடி போட்டுத் தொங்கும். அந்த ஆள் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அட்டையிலிருந்து மாத்திரை வெட்டிக் கொடுத்தது கண்ணாயிரம்தான். என் பெண்டாட்டிக்கு அண்ணன்.

"அண்ணாத்த, ஜொரத்துக்கு ஒரு செட்டு" என்றால் போதும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, கூட ஒரு ஆன்டிபயாட்டிக் கேப்சூல். இரண்டு வேளைக்குக் காகிதத்தில் மடித்துத் தருவான். ஐந்து நாள் சாப்பிட வேண்டியதை நாங்கள் ஒரே நாளோடு நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போவோம். 'கண்ணாயிரம் கை பட்டால் சரியாகிவிடும்' என்று ஊரே சொன்னது. அந்தப் பேரைத் தவிர அவனிடம் வேறு சொத்து கிடையாது. ஒருநாளும் மாத்திரை மாற்றிக் கொடுத்ததில்லை என்று அவனுக்கு அத்தனை திமிர்.

போன ஆவணியில் அவனுக்கே வயிற்றுவலி வந்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலப்பக்கம் கீழே இறங்கியது. வாந்தி வேறு. சனங்கள் வாங்காமல் விட்ட மிச்ச கேப்சூல்கள் கடையில் ஒரு டப்பாவில் கிடக்கும். தனக்கு வரும் எந்தச் சின்ன ஜுரத்துக்கும் அதிலிருந்துதான் எடுத்துப் போடுவான். இதற்கும் அதையே போட்டுக்கொண்டு, இரண்டு நாள் குனிந்தபடியே கடையில் நின்றான். மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது.

"மாப்ள, வலி சுத்தமா வுட்டுப்போச்சு. நம்ம செட்டு எப்டி?"

"அப்ப ஆஸ்பத்திரி வாணாமா மச்சான்?"

"அங்க போனா அறுத்துடுவானுங்க. நீ போய் வண்டிய ஓட்டு."

நானும் நிம்மதியாக கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு சிறுசேரிக்கு வேனை ஓட்டினேன்.

மறுநாள் பகல் பதினோரு மணி. டிரிப் முடித்து வந்தால் கடை முன்னால் காசியம்மாள் கத்திக்கொண்டிருக்கிறாள். மீன் விற்கிறவள், அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

"இருமலுக்குக் கேட்டா சக்கர மாத்திரயா குடுப்ப? எங்க வூட்டுக்காரு தெனம் முழுங்கறது எனக்குத் தெரியாதா? கண்ணு இன்னா அவிஞ்சு பூட்ச்சா?"

கண்ணாயிரமா மாற்றிக் கொடுத்தான்! கிண்டல் பண்ணலாம் என்று கிட்டே போனேன். அவன் என்னைப் பார்த்து, "சர்ட்டிபிகேட்டுக்காரர் வந்துட்டாரா?" என்று கேட்டான். மூச்சு இரைத்தது. அந்த வெயிலில் கை ஐஸாக இருந்தது. வயிறு பலகை மாதிரி இறுகிக் கிடந்தது. காசியம்மாள் கத்தலை நிறுத்தினாள்.

"யோவ் பெஞ்சமினு, ஆளு சரியில்லய்யா. தூக்கு."

வேனிலேயே செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினார், பிரஷர் பார்த்தார். "குடல்வால் வெடிச்சு வயிறு பூரா சீழ். ரத்தம் வரைக்கும் பாதிச்சிடுச்சு. செப்சிஸ்" என்றார்.

"முந்தாநேத்து வலி இல்லன்னானே மேடம்? இல்ல, நேத்து..." விரல் விட்டு எண்ணினேன்.

"வெடிச்சா கொஞ்ச நேரம் வலி கொறையும். அப்பவே கூட்டிட்டு வந்திருக்கணும்."

ஒரு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, இரண்டு கையிலும் குளுக்கோஸ் ஏற்றி, ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டார்கள். சாயந்திரம் வயிற்றைத் திறந்து கழுவினார்கள். எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்கச் சீழைச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மூன்று நாள் ஆகியும் ஜுரம் இறங்கவில்லை. சோதனைக் காகிதம் வந்தது. கண்ணாயிரம் படுத்தபடியே கை நீட்டி வாங்கினான். மருந்துப் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்று. பக்கத்தில் ஆர், ஆர், ஆர்.

"ஆருன்னா இன்னா மச்சான்?"

"கிருமிக்குப் பழகிப்போச்சு, இனிமே இந்த மருந்து கேக்காதுன்னு அர்த்தம்."

விரலை வைத்து இறங்கினான். "இது ஜொரத்துக்கு வெட்டுனது. இது ஒன்னுக்குக் கடுப்புக்கு. இது காசியம்மா கால் புண்ணுக்கு." போகப் போகக் குரல் தேய்ந்தது. கடைசியில் இரண்டு பெயருக்கு எதிரில்தான் எஸ், அதாவது கேட்கும். இரண்டும் அவன் கடையில் விற்காத ஊசி. அவன் கத்தரிக்கோலுக்குத் தப்பித்தவை.

மருந்தை மாற்றினார்கள். பிழைத்தான். தையல் ஒரு தடவை பிரிந்து, முப்பத்திநாலாம் நாள் வீட்டுக்கு வந்தான்.

திரும்பவும் கடைக்குப் போனவன் ஆன்டிபயாட்டிக்கை வெட்டவே மாட்டேன் என்றான். டாக்டர் சீட்டு வேண்டும், எழுதியதை முழுசாக வாங்க வேண்டும். சோதனைக் காகிதத்தை எடுத்து எடுத்துக் காட்டினான். யாருக்கு அது புரியும்? ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் ஏசியது.

"உனக்கு மட்டும் பெரிய ஊசி போட்டுப் பொழச்சிக்கின" என்றாள் காசியம்மாள். "எங்களுக்கு ரெண்டு கேப்சூல் குடுக்க வலிக்குதா?"

"அக்கா, சொல்றதக் கேளு..."

"இன்னாத்தக் கேக்கறது? மாத்திர மாத்திக் குடுத்தவன்தான நீ!"

அவள் கத்தியதால்தான் அவன் உயிரோடு இருக்கிறான். அவளே கத்தி அவன் பேரையும் கெடுத்துவிட்டாள்.

சனம் எதிர்க்கடைக்குப் போனது. முதலாளி இரண்டு மாதம் பொறுத்தார், பிறகு "ரெஸ்ட் எடுய்யா" என்றார். இப்போது கண்ணாயிரம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில், வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு செக்யூரிட்டியாக உட்கார்ந்திருக்கிறான்.

எதிர்க்கடையில் பிரவீன்குமார் என்று ஒருவன். படு வேகமாக வெட்டுகிறான். அவன் கையும் நல்ல கை என்கிறார்கள். போன மாதம் என் மகளுக்குத் தொண்டை வலி, மறுநாள் பரீட்சை. நானும் போய் நின்றேன். ஒரு கேள்வி கேட்காமல் இரண்டு வேளைக்கு மடித்துக் கொடுத்தான். அவளுக்குச் சரியாகிவிட்டது.

மச்சானிடம் சொல்லவில்லை.